ஐந்து மணி பஸ்ஸுக்கு முன்

பட்டா லொறி வளைவில் மூச்சு வாங்குவது
படுக்கையிலேயே கேட்கும்.
இரண்டாம் கியர். முதலாம் கியர்.
பிறகு சவுக்கு மரத்தடியில் ஓர் இருமல்.
நாலு இருபது.
லோகேந்திரன் வந்தாச்சு.

லிந்துலையிலிருந்து இறங்கும்போது லீக்ஸ், கரட், கோவா.
தம்புள்ளையிலிருந்து ஏறும்போது வெறும் பெட்டிகள்.
பெட்டிகளின் அடியில்
யாரும் விலை கேட்காத தக்காளி ஐந்தாறு,
ஒரு பக்கம் நசுங்கி
மறுபக்கம் ஒன்றும் நடக்காதது போல.

ஐந்து மணி பஸ்ஸைப் பிடித்தால்தான்
ஆறரைக்கு வார்டில் கையெழுத்து.
ஆக, நாற்பது நிமிடம்.
முகம் கழுவ ஆறு, பின்னலுக்கு நாலு,
யூனிபோமில் அறுந்த பொத்தானுக்கு
ஊசி தேட எத்தனையோ.
மிச்சத்தில்தான் குடும்பம் நடத்துகிறோம்.

சோறு வடிக்க நேரமில்லை.
ரொட்டி தட்ட மாவில்லை.
முந்தாநாள் அச்சுப் பாண் இருந்தது.
ஜன்னல் விளிம்பில் (எங்கள் பிரிட்ஜ் அதுதான்,
இந்தக் குளிருக்குக் கரண்ட் எதற்கு)
வட்டப் பெட்டி.
எட்டில் ஏழு போய்
ஒரே ஒரு முக்கோணச் சீஸ்.

"அது டிலுக்ஷன்ட."
"தெரியும்" என்றேன்
வெள்ளித்தாளின் சிவப்பு நூலை இழுத்துக்கொண்டே.
அவன் ஒரு காலை மட்டும்
கம்பளிக்கு வெளியே விட்டுத் தூங்குகிறான்.

பாணைத் தடிப்பாக அறுத்தேன்.
தக்காளியின் நசுங்கிய பக்கத்தைக் கிள்ளி எறிந்து
வட்டம் வட்டமாய் அரிந்து
உப்புத் தூவித் தட்டைச் சாய்த்து வைத்தேன்.
அந்தத் தண்ணீர் வடியாவிட்டால்
பாண் ஊறிக் குழைந்துவிடும்.
பச்சைக் கொச்சிக்காய் ஒன்று, பொடியாய்.
மிளகு, போத்தல் அடியால் நசுக்கியது.
சீஸைப் பொத்தான் தைத்த நூலால் அரிந்தேன்,
கத்தியில் ஒட்டினால் அதுவும் நட்டம்.

தோசைக்கல்லில் ஒரு விரல் மாஜரின்.
ஒரு பக்கம் சிவந்ததும் திருப்பிப் போட்டு
சிவந்த முகத்தில் தக்காளி,
தக்காளிமேல் கொச்சிக்காய், மிளகு,
எல்லாவற்றுக்கும் மேல் நூல் அரிந்த சீஸ்.
அந்த நேரம் பார்த்து
நீலச் சுவாலை மஞ்சளாகி
புஸ்ஸென்று போனது.

சிலிண்டரை ஆட்டினார். சாய்த்தார்.
கழுத்தைப் பிடித்து ஏதோ கேட்டும் பார்த்தார்.
சீஸ் அசையவில்லை,
இப்போதுதான் விரித்த வார்டுக் கட்டில் மாதிரி
ஒரு மூலையும் குலையாமல்.

"அப்பிடியே திம்போம்."
"கொஞ்சம் பொறுங்க."

மூடியைப் போட்டேன்.
குளிருக்கு அவர் மூடிமேல் கையை வைத்தார்.
பக்கத்தில் இடம் இருந்தது, நானும் வைத்தேன்.
ரம்பொடை ஏற்றத்தில் மூடுபனியாம்,
முன்னால் போன லொறியின் ஒற்றைச் சிவப்பு லைட்டைப் பிடித்தே
ஏறி வந்தாராம்.
பதினோராம் கட்டில் ஐயா
டிக்கெட் வெட்டியும் வீட்டுக்குப் போகமாட்டேன் என்கிறார் என்றேன்.
"ஏனாம்?"
"இங்க மூணு நேரமும் யாராவது கேக்குறாங்களாம்,
சாப்பிட்டியான்னு."
மூன்று நாளில் இவ்வளவு பேசியது இப்போதுதான்.

திறந்தால் சீஸைக் காணோம்.
தக்காளி விளிம்பெல்லாம் வழிந்து
கல்லைத் தொட்ட இடத்தில் மொறுமொறுவென்று
சரிகை பிடித்திருந்தது.
அடுப்பு அணைந்த பிறகுதான் உருகியிருக்கிறது.

மூன்று துண்டு.
அவர் நின்றுகொண்டே தின்றார், உதட்டைச் சுட்டுக்கொண்டு.
என்னுடையதைப் பத்திரிகைத் தாளில் சுற்றி
ஓடினேன்.
மூன்றாவது, மூடிக்கடியில், காலை வெளியே விட்டவனுக்கு.

பதினோராம் கட்டில் ஐயாதான் காட்டினார்,
புதுப் பொத்தான்மேல் ஒரு தக்காளி விதை.
"ஆக, சாப்பிட்டுத்தான் வந்திருக்க" என்றார்.

போகிற அவசரத்தில்
வெள்ளித்தாளை மறுபடி முக்கோணமாய் மடித்து
பெட்டியில் வைத்துவிட்டுப் போயிருந்தேன்.
ஏன் என்று தெரியாது.
மாலை திறந்தபோது
அதற்குள் அளவெடுத்து வெட்டிய
ஒரு கரட் துண்டு.

இரண்டு பேரும்
வாயைத் திறக்கவில்லை.